பற்றுச்சீட்டு: தோட்டத்து வீட்டுக் கணக்கை யார் எழுதினாங்க?

இலங்கைத் தமிழில் பற்றுச்சீட்டு என்றால் காசு கட்டினதுக்குக் கிடைக்கிற கடதாசி. கரண்ட் பில் கட்டினாலும் பரீட்சைக் கட்டணம் கட்டினாலும் இந்தச் சொல்தான். ஆனால் மலையகத்தில் வயசான ஆட்களிடம் போய் "பத்துச்சீட்டு" என்று சொல்லிப் பாருங்க, முகம் மாறும். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். செக்ரோலில் இருந்து பேரை வெட்டி, லயத்தைக் காலி பண்ணச் சொல்லி துரை கையில் கொடுக்கிற கடதாசிதான் பத்துச்சீட்டு. எழுத்தில் அதுவும் பற்றுச்சீட்டுத்தான். கொழும்பில் கடன் தீர்ந்ததுக்குச் சாட்சியாக இருக்கிற ஒரு சொல், ஹட்டனில் வேலையும் கூரையும் ஒரே நாளில் போனதுக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது.

இரண்டு அர்த்தமும் ஒரே வேரில் இருந்துதான் வருகிறது. பற்று என்றால் கணக்கில் உங்க பேருக்கு எழுதப்பட்ட கடன். கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடுப்பது பற்றுச்சீட்டு. யாருடைய கொப்பியில் யார் அதை எழுதினார் என்பதுதான் வித்தியாசம். இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியைப் பற்றியது.

இப்போது போனைத் திறந்தால் வீட்டுச் செலவை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்காங்க. 2022க்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. எல்லா பில்லையும் ஒரு இடத்தில் வையுங்க, கடைசித் திகதியைக் கலண்டரில் வட்டம் போடுங்க, சம்பளம் வந்த அன்றைக்கே ஒதுக்கிவிடுங்க, முடிந்தால் வங்கிக் கணக்கில் இருந்து தானாகவே கழிகிற மாதிரிச் செய்துவிடுங்க. பிழையான ஆலோசனைகள் என்று சொல்ல மாட்டேன். போர்டிங் வாடகையை நானும் அப்படித்தான் எடுத்து வைக்கிறேன். ஆனால் இந்த ஆலோசனைகள் எல்லாம் சொல்லாமலே சில விஷயங்களை எடுத்துக்கொள்கின்றன. இந்த மாசம் எவ்வளவு வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வருகிற காசு உங்க கைக்கு வரும். வரவையும் செலவையும் எழுதுகிற கொப்பி உங்களிடம் இருக்கும். மலையகத் தோட்டத் தொழிலாளர்களுடைய வரலாற்றில் மிக நீண்ட காலத்துக்கு இந்த மூன்றில் ஒன்றும் அவர்களிடம் இருக்கவில்லை. அப்படியிருந்தும், கட்டவேண்டியதைக் கட்டாமல் விட அவர்களால் ஒருநாளும் முடியவில்லை. "தானாகக் கழிவது" என்று வங்கிகள் இன்றைக்குப் புதிதாக விற்கிற வசதி தோட்டத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

கடன் தோட்டத்தில் ஆரம்பிக்கவில்லை, ஊரிலேயே ஆரம்பித்தது. கோப்பிக் காலத்தில், அதாவது 1830கள், 40களில் இருந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டியவர்கள் கங்காணிமார். துரைமாருடைய பேச்சில் தென்னிந்தியாவுக்குப் பேர் "கோஸ்ட்", கரை. அங்கே போய் ஆள் கொண்டுவருவதற்குக் கங்காணிக்குக் கொடுக்கிற காசு "கோஸ்ட் அட்வான்ஸ்". அந்தக் காசில் இருந்து ஊர்க் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, துணிமணிக்கு என்று கங்காணி கொடுத்தது எல்லாம் வருகிற ஆளின் பேரில் பற்று. மன்னார்க் கரையில் இறங்கி காட்டுப் பாதை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, முதல் கோப்பிப் பழம் பறிக்க முதலே அவர் கடன்காரர். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் கணக்கில்லை. குடும்பமாக வந்திருந்தால், செத்தவர் பேரில் இருந்த பற்று மிச்சமிருந்தவர்கள் தலையில்.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு இது இன்னும் "ஒழுங்கு" ஆனது. 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. வட்டமான ஒரு சின்னத் தகரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதுக்கான இலக்கத்தை அடித்து, அதைக் கழுத்திலோ கையிலோ கட்டிவிட்டார்கள். அந்தத் தகரம் இருந்தால் கப்பலுக்கும் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு தேவையில்லை. தோட்டத்தின் கணக்கில் செலவு ஏறும், தோட்டம் பிறகு அதைத் தொழிலாளியின் கணக்கில் ஏற்றும். ஒரு சதமும் கையில் தொடாமலே பயணம் செய்யலாம். இன்றைக்குக் கார்ட் தட்டி பஸ்ஸில் போகிறதைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தகரம் ஞாபகம் வருவது கொஞ்சம் அதிகப்படியாக இருக்கலாம். ஆனாலும் வருகிறது.

இனி துண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம்ம பாடப் புத்தகங்களில் "துண்டு முறை ஒழிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது என்ன, எப்படி வேலை செய்தது என்று யாரும் சொல்வதில்லை.

துண்டு என்பது ஒரு துண்டுக் கடதாசிதான். அந்தத் தமிழ்ச் சொல்லையே எழுத்து மாற்றி ஆங்கிலத்தில் துரைமார் பாவித்தார்கள், அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே இருக்கிறது. ஒரு தோட்டத்துத் துரை அதில் எழுதுவது இவ்வளவுதான்: இந்தக் கங்காணியும் இவருடைய இத்தனை ஆட்களும் என் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபா கடன், அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறேன். பெரிய கங்காணி அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். ஆள் தேவையான துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். கட்டினாரே, கடன் தீர்ந்ததா? இல்லை. பழைய தோட்டத்துக் கடன் தீர்ந்தது, புதுத் தோட்டத்தில் அதே தொகை திரும்ப எழுதப்பட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததுக்காகக் கங்காணி இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் கேட்பார். அதுவும் சேரும். கணக்கு என்னவோ கங்காணிக்கும் தோட்டத்துக்கும் இடையிலானது, ஆனால் அதைத் திருப்பிக் கட்டுகிறது ஆட்களுடைய நாட்சம்பளத்தில் இருந்து.

1900களில் றப்பர் தோட்டங்கள் பெருகி ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இது ஏலம் மாதிரி ஆகிவிட்டது. ஆள் வேண்டும் என்கிற தோட்டங்கள் போட்டி போட்டுத் துண்டுத் தொகையை ஏற்றிவிட்டன. கடைசியில் தோட்டக்காரர்களே தங்களுக்குள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களுடைய முறைப்பாடு என்ன தெரியுமா? ஆள் எடுக்கிற செலவு கூடிவிட்டது. அந்தத் தொகை ஒவ்வொரு தடவை ஏறும்போதும் லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தின் கடன் அவர்களுக்குத் தெரியாமலே ஏறியது என்பது இரண்டாம் பட்சம்.

"தெரியாமலே" என்பதைக் கவனியுங்க. கொப்பி கங்காணியிடம். அவர் எழுதினால்தான் கணக்கு. பல இடங்களில் சம்பளமும் அவர் கைவழியாகத்தான் வந்தது. துரை பெரிய கங்காணியிடம் கொடுப்பார், அவர் தனக்கு வரவேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். எவ்வளவு கழித்தார், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும், அதைவிடத் துணிச்சல் இருந்திருக்க வேண்டும். கங்காணி வெறும் மேற்பார்வையாளர் இல்லை. பல நேரம் ஒரே ஊர், சில நேரம் சொந்தக்காரர், கடன் கொடுப்பவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னுக்கு நிற்பவர், சில தோட்டங்களில் கடை வைத்திருப்பவரும் அவர்தான். வேலைக்கு எழும்பி வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தோட்டம் தலைக்காசு கொடுத்தது. இப்படிப்பட்ட ஒருவரிடம் "கணக்கைக் காட்டுங்க" என்று எப்படிக் கேட்பது?

சரி, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே. போக முடியாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவதும் வேலை செய்ய மறுப்பதும் குற்றம், அதுக்குச் சிறை. சம்பளம் தராத துரை மீது தொழிலாளி வழக்குப் போடலாம் என்று சட்டத்தில் இருந்தது உண்மை. கோப்பியில் நோய் விழுந்து, 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த இலைநோய் அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்தபோது, மாசக்கணக்காகச் சம்பளம் கிடைக்காமல் ஆட்கள் கிடந்தார்கள். அப்போது எத்தனை துரைமார் சிறைக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேரத்துக்குக் கட்டாதது குற்றமாக இருந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

இந்தத் தண்டனைப் பிரிவுகளுக்கு எதிராகப் பேசியவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். 1919இல் அவர் தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கத்தை உருவாக்கினார். இந்தியாவில் இருந்தும் அழுத்தம் வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிடுவோம் என்கிற பயம்தான் துரைமாரை அசைத்தது என்று நான் நினைக்கிறேன், மனச்சாட்சி இல்லை. 1921இல் துண்டு தடை செய்யப்பட்டது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் அதை ஒட்டியே போயின. கோ. நடேசய்யர் இந்தக் காலத்து ஆள். தோட்டத்துக்குள் வெளியாட்களை விடாத காலத்தில் துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் நிலைமையைப் பார்த்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரும் மீனாட்சியம்மையும் கங்காணி முறையை எதிர்த்துத் தோட்டம் தோட்டமாகப் பேசியதுக்குப் பிறகுதான் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் பிறந்தது. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

துண்டு போனது. கொப்பி போனதா?

கொப்பி கங்காணியிடம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனது. அதுதான் செக்ரோல். இந்தப் பேரேட்டைப் பற்றி யாராவது ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் "பேர்". "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் வேலை விழுந்தது என்று அர்த்தம். குறிப்பிட்ட கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். முழு நாளும் மலையில் நின்றிருப்பீங்க, கால் அட்டை கடித்திருக்கும், ஆனால் கொப்பியில் நீங்கள் அரை ஆள். பிரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனால் பேரே இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழை கூடினாலும் வெயில் கூடினாலும் கொழுந்து குறையும், வேலை நாள் குறையும். மாசக் கடைசியில் எவ்வளவு வரும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. "சம்பளத்தில் இத்தனை வீதத்தை ஒதுக்குங்க" என்று போனில் சொல்கிறவரிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: எதில் இத்தனை வீதம்?

அரிசிதான் இந்தக் கொப்பியின் மிகப் பெரிய வரி. தோட்டம் அரிசியை முன்கூட்டியே கொடுக்கும், சம்பளத்தில் கழிக்கும். 1927இல் இயற்றப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வந்தது. கூடவே அரிசி ஒரு புசல் 4.80 ரூபாவுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றும் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு புசல் அரிசிக்கு ஆண் ஏறத்தாழ ஒன்பது நாள் வேலை செய்ய வேண்டும். பெண் பதினொரு நாளுக்கும் மேல். அதுவும் அரைப்பேர் விழாமல் இருந்தால். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், 1930களின் தொடக்கத்தில், அந்த 54 சதத்தையும் குறைத்தார்கள். பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்பது மட்டும் அப்படியே நின்றது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. கொழுந்தில் பெரும் பங்கை எடுத்தது பெண்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஐம்பத்தைந்து வருஷக் கணக்கில் யார் யாருக்குக் கடன் என்ற கேள்வி வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பெண்ணின் சம்பளத்தைப் பல தோட்டங்களில் புருஷனோ அப்பாவோ போய் வாங்கினார்கள். பெண் நாலு மணிக்கு மேலேயும் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டு நிற்பாள், ஆண்களுக்கு வேலை முன்னமே முடிந்திருக்கும், ஆகவே ஆபீசுக்கு அவர்கள் போவது வசதி என்று இதுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். அந்தக் காசு வீட்டுக்கு வரும் வழியில் என்ன ஆனது என்று மலையகத்துச் சிறுகதைகளை வாசித்தவர்களுக்குத் தெரியும்.

எங்க அப்பாயியின் பழைய சம்பளத் துண்டுகள் சில எங்க வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்தில் இருக்கின்றன. அந்தத் துண்டுகளும் "துண்டு" என்றுதான் சொல்லப்படுகின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வலது பக்கத்தில் வரிசையாகக் கழிவுகள். அரிசி, மாவு. சேமலாப நிதி. தேயிலைத் தூள், தானே பறித்த கொழுந்தின் தூளுக்கு. சங்கச் சந்தா. கோயில் திருவிழா. மரண சகாய நிதி. தீபாவளி முற்பணம். இன்னும் பழைய காலத்தில் டோபிக்கும் நாவிதருக்கும் கூட செக்ரோலிலேயே கழித்தார்கள் என்று அவர் சொல்லுவார். ஒரு குடும்பம் ஒரு மாசத்தில் யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமோ, அத்தனை பேருக்கும் அவருடைய கை படாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு மாசமும் பிந்தவில்லை. இந்த நாட்டிலேயே நேரத்துக்குக் கடன் கட்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் எங்க அப்பாயி முதல் வரிசையில் இருப்பார். சில துண்டுகளில் கீழே மிச்சம் என்ற இடத்தில் இருக்கிற தொகையைப் பார்த்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும்.

இதில் எல்லாமே அநியாயம் என்று எழுதிவிட்டுப் போவது லேசு. ஆனால் சிக்கலானது. சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்கிய வசதி. அதனால்தான் சங்கங்கள் பலமாக நின்றன. அதனால்தான் ஒரு கட்டத்துக்குப் பிறகு சங்கத் தலைவர்மார் லயத்துக்கு வந்து முகம் காட்டத் தேவையில்லாமலும் போனது. சந்தா தானாக வரும்போது, கொடுக்கிறவரிடம் போய் கேட்க வேண்டியதில்லையே. மரண சகாய நிதியும் அப்படித்தான், யாராவது செத்தால் பெட்டிக்குக் காசு இருந்தது. ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்று ஒருவர் யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம், அது கழிவில் இல்லை.

தீபாவளி முற்பணத்தை இதுக்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். வருஷா வருஷம் ஒக்டோபர் வந்தால் பத்திரிகையில் அந்தச் செய்தி வரும். முற்பணம் எவ்வளவு, எப்போது கிடைக்கும், கூட்டித் தருவார்களா என்று அமைச்சர்மாரும் சங்கங்களும் அறிக்கை விடுவார்கள். ஏதோ போனஸ் கொடுக்கிற மாதிரி. அது தொழிலாளியின் சொந்தச் சம்பளம், அடுத்தடுத்த மாசங்களில் தவணையாகக் கழியும். பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்ட பிள்ளை வளர்ந்து அந்தச் சட்டை சின்னதாகிற வரைக்கும் அதுக்குக் கழிவு நடக்கும். கோஸ்ட் அட்வான்சும் தீபாவளி அட்வான்சும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்காகச் சிறைக்குப் போக வேண்டியிருந்தது, மற்றதுக்கு அப்படி இல்லை. ஆனால் முதலில் கடன், பிறகு வேலை என்கிற அந்த வரிசை மாறவில்லை.

அப்படியானால் லயத்தில் சொந்தமாகக் கணக்கே இருக்கவில்லையா? இருந்தது. ஆபீஸ் கொப்பிக்கு வெளியே. அப்பாயி எழுத்துத் தெரியாதவர். தினமும் நிறுத்த கிலோவை அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். மாசக் கடைசியில் சம்பளத் துண்டை என் அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கோட்டோடு சரிபார்ப்பார். சரியில்லாத மாசங்கள் இருந்தன. கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சண்டை பிடித்துச் சில தடவை வென்றும் இருக்கிறார். இலக்கமே எழுதத் தெரியாத ஒருத்தி தனக்கென்று ஒரு பேரேடு வைத்திருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கும்போது அது அழியும்.

சீட்டும் ஒரு கணக்கு முறைதான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாசம் ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாசமும் ஒருவர் மொத்தமாக எடுப்பது நம்ம எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் சீட்டு எடுப்பதுக்கு வரிசை இருந்தாலும், ஒரு வீட்டில் பிள்ளை பெரியவளானாலோ யாருக்காவது ஆசுபத்திரிச் செலவு வந்தாலோ வரிசை மாறும். எந்த வங்கியிலும் இந்த நெகிழ்ச்சி கிடையாது. சீட்டுக் காசு மட்டும் செக்ரோலில் கழியாது. ஒரு பெண் தன் கையால் எண்ணி இன்னொரு பெண்ணின் கையில் கொடுக்கிற காசு அது. சீட்டுப் பிடிக்கிற அக்கா ஊரில் ஓடிப்போன கதைகளும் உண்டு, அதையும் மறைக்கத் தேவையில்லை.

பிறகு டவுன் கடையின் பற்றுக் கொப்பி. சின்னக் கொப்பி ஒன்று வீட்டில், பெரிய கொப்பி ஒன்று கடையில், இரண்டிலும் ஒரே தொகை எழுதப்படும். சம்பளத்தன்றைக்கு முதல் போக்கு அந்தக் கடைக்குத்தான். முழுதும் கட்டமாட்டார்கள். கடைக்காரருக்கும் முழுதும் கட்டுவது பிடிக்காது, ஆள் வேறு கடைக்குப் போய்விடும். ஆனாலும் தோட்டத்து வாழ்க்கையில் இரண்டு பக்கமும் ஒரே கணக்கை எழுதி வைத்திருந்த முதல் கொப்பி இதுவாகத்தான் இருக்கும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது இந்தக் கொப்பியும் கைவிட்டது, அரிசியும் மாவும் கடையிலேயே இல்லை. கொடுக்கக் காசு இருந்தாலும் வாங்கச் சாமான் இல்லாத காலம் அது.

1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பனிகளுக்குப் போனது. கொப்பியின் சொந்தக்காரர் மாறினார், பத்தி மாறவில்லை. மாறியது வேறு ஒன்று. லயங்களுக்குக் கரண்ட் வந்தது, போன் வந்தது, பிள்ளைகள் ஏ.எல். படிக்க டவுனுக்குப் போனார்கள். அதோடு பில்கள் வந்தன. செக்ரோலில் கழியாத, தன் பேருக்கு வருகிற, கடைசித் திகதி போட்ட பில்கள்.

இந்த மாற்றத்தை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. தன் பேருக்கு ஒரு கரண்ட் பில் வருவது ஒரு உரிமை மாதிரியும் இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சனத்துக்கு, லயத்து இலக்கம் இல்லாத ஒரு சொந்த விலாசத்துக்காக இன்னும் போராடுகிற ஒரு சனத்துக்கு, அரசாங்கத்தின் கடதாசியில் தன் பேரைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் விலாசத்தை உறுதிப்படுத்தக் கரண்ட் பில்தானே கேட்கிறார்கள்.

ஆனால் அந்த பில்லில் இருக்கிற தொகை. 2022 ஓகஸ்டுக்கு முதல் மாசம் 30 அலகு பாவிக்கிற வீடு ஒன்று அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் கட்டியது. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300. ஆறு மாசத்துக்குள். அந்த வருஷத்திலேயே பிறகு குறைத்தார்கள் என்பது உண்மை, அதுக்குள் எத்தனையோ வீட்டில் கம்பியைக் கழற்றிவிட்டார்கள் என்பதும் உண்மை. தோட்டத்தில் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருஷம் போராட்டம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை மூலம் வந்தது. இரண்டு பல்பும் ஒரு டிவியும் உள்ள லயத்து வீட்டின் கரண்டுக்கு ஒரு நாள் பேர் போதவில்லை. அதுவும் முழுப்பேர்.

அந்த நேரம் எங்க அம்மா என் பழைய ஓ.எல். கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்தை நாலாக மடித்து, பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு ஒரு பத்தி, இருபத்தைந்தாம் திகதி அட்வான்சுக்கு ஒரு பத்தி, சீட்டுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. திகதி பார்த்துக் கட்டுவதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பில் வருகிற நாளுக்கும் சம்பளம் வருகிற நாளுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடுகிறது, அதுக்குள் மீட்டர் வாசிக்க வருகிற தம்பி சிவப்பு நோட்டீசோடு வந்துவிடுவார் என்பதுதான் பிரச்சினை. அதுக்கு அம்மா கண்டுபிடித்த வழி, சீட்டு எடுக்கிற முறையைக் கரண்ட் பில் மாசத்துக்கு மாற்றிக்கொண்டது. பக்கத்து லயத்து மூன்று பேரும் அப்படியே செய்தார்கள்.

கொப்பியின் அந்தப் பக்கங்களை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வரவு என்ற இடத்தில் அம்மா சம்பளத் துண்டில் உள்ள மிச்சத்தை எழுதவில்லை. தன் கணக்கில் எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று முதலில் எழுதி, அதன் பக்கத்தில் தோட்டத்துக் கணக்கை எழுதியிருக்கிறார். இரண்டும் பொருந்தாத மாசங்களில் நடுவில் ஒரு சின்னக் கேள்விக்குறி.

2023 ஜூனில் மூன்று கேள்விக்குறி இருக்கிறது.